குடியை விடுறதுக்கு எவ்வளவு செலவு, முதலே எழுத்தில தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுவரி வருமானம் பற்றி போன கிழமை உங்கட பேப்பர்ல வந்த தலையங்கம் வாசிச்சன், சரியாத்தான் எழுதியிருக்கிறீங்க, ஆனா குடியை விட நினைக்கிற ஆளுக்கு எவ்வளவு செலவாகுது எண்டதை ஒருத்தரும் எழுதுறதில்ல. எங்கட பக்கத்து வீட்டு அக்கா புருஷனைக் கொண்டுபோய் சேர்த்த தனியார் இடத்தில மாசத்துக்கு இவ்வளவு எண்டு சொல்லி அட்வான்ஸ் வாங்கினவங்கள், பிறகு டொக்டர் பீஸ், ப்ளட் டெஸ்ட், மருந்து எல்லாத்துக்கும் புறம்பா பில் வந்து கடைசியில தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போச்சு (குடியாலயும் அது முந்தி ஒருக்கா போனதுதான்).

திடீரெண்டு நிப்பாட்டினா சிலருக்கு வலிப்புக்கூட வரும், அதால முதல் கொஞ்ச நாள் டொக்டர் பார்வையில இருக்கத்தான் வேணும், அந்தச் செலவைத் தவிர்க்கேலாது. ஆனா அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தில அரசாங்கச் சிகிச்சை இலவசம், 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கு போன் பண்ணியும் விசாரிக்கலாம், கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் அங்கொடை எண்ட பேருக்கே வெக்கப்படுறாங்கள். எது கட்டணத்துக்குள்ள, எது புறம்பு எண்டு ஆளைச் சேர்க்க முதலே தமிழிலயும் எழுதிக் குடுக்கோணும் எண்டு சுகாதார அமைச்சு தனியார் நிலையங்களுக்குக் கட்டாயமாக்கட்டும், அந்த 1926 நம்பரை ஒவ்வொரு வைன் ஸ்டோர்ஸ் வாசல்லயும் பெரிசா ஒட்டச் சொல்லட்டும்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06