கொண்டைக்கடலையைக் கண்டு பயம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், மாவுச்சத்துக்குப் பயந்து பட்டாணியையும் கொண்டைக்கடலையையும்கூட ஒதுக்கிவிட்டேன். அது தப்பு என்று என் குளுக்கோமீட்டர்தான் புரியவைத்தது. அரை கப் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 22 கிராம் மாவுச்சத்து உண்டு, சரி. ஆனால் கூடவே 6 கிராம் நார்ச்சத்தும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. சர்க்கரை மெல்லத்தான் ஏறுகிறது. கடித்தாலே தெரியும்: தோல் பல்லில் தட்டுப்படும், உள்ளே மாவு கெட்டியாக நிற்கும், ரொட்டி மாதிரி வாயிலேயே கரைந்துவிடாது. 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட கிளைசெமிக் குறியீட்டிலும் (எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் வரிசை) பயறு வகைகள் கீழ்வரிசையில்தான் இருந்தன. அப்புறம், டப்பாவில் அடைத்ததென்றால் நன்றாக அலசுங்கள், உப்பு குறையும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். தவிர்க்க வேண்டியதை மட்டுமே எழுதும் உங்கள் மருத்துவப் பக்கத்தில், சாப்பிடக்கூடிய இவற்றைப் பற்றியும் எழுதுங்கள்.

– வாசகி