திரும்பும் வழியையும் நிரலில் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிச் செயலிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியாகும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பல ஆண்டுகளாகச் செயலிகளை உருவாக்கிவருபவன் என்ற முறையில், அவற்றில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். பொத்தானைத் தொட்டதும் எந்தத் திரை வர வேண்டும் என்று கவனமாக நிரல் எழுதும் நாங்கள், அங்கிருந்து பயனர் திரும்பினால் எங்கே போய் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

செயலியின் திரைகள் ஸ்டேக் எனப்படும் அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றன. மேலே ஒரு திரையை வைப்பது புஷ், அதை எடுத்துவிடுவது பாப். பட்டியலிலிருந்து ஒரு செய்தியைத் திறந்து படித்துவிட்டுத் திரும்ப இவ்விரண்டும் போதும். படிவம் நிரப்பி அனுப்புவது, பணம் செலுத்துவது போன்றவற்றுக்குப் போதாது. நான் எழுதிய ஒரு விண்ணப்பச் செயலியில், 'பதிவு முடிந்தது' என்ற திரையைப் படிவத்தின் மேலேயே புஷ் செய்திருந்தேன். பேக் பட்டனை அழுத்தியவர்களுக்கு நிரப்பிய படிவம் அப்படியே மீண்டும் தெரிந்ததால், விண்ணப்பம் போய்ச்சேரவில்லை என்று எண்ணிச் சிலர் இரண்டாம் முறையும் அனுப்பினார்கள். அது அவர்களுடைய தவறன்று; வேலை முடிந்த படிவத்தை அடுக்கிலிருந்து நான் நீக்கியிருக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தை இருமுறை ஏற்காமல் சர்வர் தடுக்க வேண்டும் என்பதும் உண்மைதான், ஆனால் பயனரின் குழப்பத்தை அது தீர்க்காது. நீக்குவதற்கான வசதி, செயலி உருவாக்க உதவும் கருவித்தொகுப்பான ஃப்ளட்டரில் 'புஷ் அண்ட் ரிமூவ் அன்டில்' என்றும், ஆண்ட்ராய்டில் திரை மாற்றத்துக்கு உதவும் ஜெட்பேக் நேவிகேஷனில் 'பாப் அப் டு' என்றும் இருக்கிறது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16உடன் 2022இல் வந்த 'நேவிகேஷன் ஸ்டேக்' என்ற வசதியில், திறந்திருக்கும் திரைகளின் வரிசையை ஒரு பட்டியலாக நாமே வைத்துக்கொண்டு, அதைத் திருத்துவதன் மூலமே திரைகளை மாற்றலாம்.

சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து திரையை மாற்றும் இடங்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பதில் வரச் சில வினாடிகள் ஆகும்போது, பயனர் பின்னே சென்று வேறொன்றைப் படிக்கத் தொடங்கியிருப்பார். நிரலோ அதைப் பாராமல் அவர் முன் புதிய திரையைக் கொண்டுவந்து நிறுத்தும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகியவற்றின் குரலை நம்பிச் செயலியைப் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு, கேட்டுக்கொண்டிருந்தது பாதியில் அறுந்து வேறெதுவோ ஒலிக்கத் தொடங்கும். பயனர் இன்னும் அதே திரையில்தான் இருக்கிறாரா என்று பார்க்கும் ஒரு சிறு சரிபார்ப்பை எழுதாததால் நேர்வது இது. அதேபோல், நோட்டிஃபிகேஷனைத் தொட்டு நேரடியாக உள்திரை ஒன்றுக்கு வந்தவருக்கு, அதன் அடியில் இருக்க வேண்டிய திரைகளையும் நிரலே அடுக்கிவைக்க வேண்டும். இல்லையேல் ஒருமுறை பின்னே சென்றாலே செயலி மூடிக்கொள்ளும்.

2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, இந்த அலட்சியத்துக்கு இடம் தராத திசையில் நகர்ந்திருக்கிறது. பேக் அழுத்திய பிறகு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் பழைய முறையைத் தவிர்த்து, பின்செல்வதைச் செயலி தானே கையாளப்போகிறதா என்பதை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது; அப்போதுதான், திரையில் விரலை இழுத்துப் பின்செல்பவருக்கு, விரலை எடுப்பதற்கு முன்பே போகும் இடத்தைக் காட்ட இயலும். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

எங்கள் வடிவமைப்புப் படங்களில் முன்னோக்கிய அம்புக்குறிகள் மட்டுமே வரையப்படுகின்றன. சோதிப்பவரும் அந்த வழியிலேயே சென்று சரிபார்க்கிறார். திரும்பும் அம்புக்குறி இல்லாத படத்தை ஏற்க வேண்டாம் என்று சக நிரலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மதிப்புரையாளர்களும் ஒவ்வொரு திரையிலும் ஒருமுறை பேக் பட்டனை அழுத்திப் பார்த்து, எங்கே போய் நின்றார்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலி உருவாக்குநர் ஒருவர்