கொழுப்பு வெளிவருவது வேறு, எரிவது வேறு: ஜிம் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். "இந்தத் தொப்பை எப்போ கரையும்?" என்ற கேள்வியை மக்கள் மருத்துவரிடம் கேட்பதைவிட உங்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். நீங்கள் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டும் போகிறார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

'கரைவது' என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கொழுப்பு வியர்வையில் ஒழுகுவதில்லை, தசையாக மாறுவதும் இல்லை. உடலின் கொழுப்புக் கிடங்கைத் திறந்து எடுப்பது ஒரு வேலை. எடுத்ததை எரிப்பது இன்னொரு வேலை. உங்கள் கூடங்களில் புழங்கும் தவறான யோசனைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தவை.

கிடங்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். கொழுப்புச் செல்லுக்குள் ஒரே ஒரு எண்ணெய்த்துளி இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். உட்கரு ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். துளியில் இருப்பது ட்ரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசராலில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். சுற்றிலும் பெரிலிப்பின் என்ற புரதம் காவல் நிற்கிறது. உடற்பயிற்சி தொடங்கியதும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் வந்து செல்லைத் தட்ட, காவல் விலகுகிறது. மூன்று நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளுக்கொரு அமிலத்தை வெட்டி எடுக்கின்றன. மிஞ்சும் கிளிசரால் கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸாகிறது. கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது என்பதால், ரத்தத்தில் அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்கிறது.

இந்தக் கிடங்குக்குப் பூட்டு இன்சுலின். தசைக்குள் சர்க்கரையைத் தள்ளத் தேவைப்படும் இன்சுலினைவிடக் குறைந்த அளவே பூட்டுப் போடப் போதும். பயிற்சிக்கு அரைமணி முன்னால் இனிப்புப் பானம் குடித்துவிட்டு டிரெட்மில்லில் ஏறுபவருக்குக் கிடங்கு அரைகுறையாகத்தான் திறக்கும்.

இனி எரிப்பது. தசைக்குள் போன கொழுப்பு அமிலம், கார்னிடைன் என்ற தோணியில் ஏறித்தான் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக முடியும். தோணித்துறையைத் திறப்பதும் மூடுவதும் மலோனைல்-கோஏ என்ற மூலக்கூறின் கையில். தசையில் குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் மலோனைல்-கோஏ பெருகித் துறையை மூடிவிடும். கார்னிடைனை டப்பாவில் அடைத்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பொதுவாக நம் உடலில் தோணிக்குப் பஞ்சமில்லை; வாய்வழி எடுப்பதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படுவதும் இல்லை.

உள்ளே போன 16 கார்பன் பால்மிட்டிக் அமிலம் 7 வெட்டில் 8 துண்டாகி, முழுதும் எரிந்தால் நிகரமாக 106 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) தரும். அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், அதுவும் நிறைய. 1 கிலோ கொழுப்பு எரிய ஏறக்குறைய 2.9 கிலோ ஆக்ஸிஜன் தேவை, வெளிவருவது 2.8 கிலோ கார்பன் டை ஆக்ஸைடும் 1.1 கிலோ தண்ணீரும். ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்குப் போட்டுக் காட்டியபடி, 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ மூச்சுக்காற்றாகவே வெளியேறுகிறது. இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டதற்கு 'ஆற்றலாக மாறிவிடும்' என்ற தவறான பதிலை மருத்துவர்களில் பலரும் சொன்னதாக அவர்கள் எழுதியிருந்தார்கள், ஆக உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்காக மூச்சை வேகவேகமாக இழுத்துவிடச் சொல்லிவிடாதீர்கள். தசை கேட்காத காற்றை இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். ஒரு கிராம்கூட அதனால் எரியாது.

வெளிவந்தும் எரியாத கொழுப்பு அமிலம் என்னவாகும்? மறுபடி ட்ரைகிளிசரைடாகிக் கிடங்கில் சேர்ந்துவிடும். 'ஃபேட் பர்னர்' மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் காஃபீன் முக்கியமாகச் செய்வது கதவைத் திறப்பதுதான். எரிக்கத் தசை வேலை செய்யாவிட்டால் சரக்கு போன வழியே திரும்பிவிடும், படபடப்பும் தூக்கமின்மையும் மட்டும் மிஞ்சும். வயிற்றுக்கு மட்டும் க்ரஞ்சஸ் கொடுப்பதும் இதே கதை. வயிற்றுத் தசை தனக்கு மேலே இருக்கும் கொழுப்பை நேராக உறிஞ்சிக்கொள்வதில்லை. சரக்கு ரத்தத்தில் பொதுவாக வருகிறது, எந்தக் கிடங்கிலிருந்து எவ்வளவு என்பதை ஹார்மோனும் மரபும்தான் தீர்மானிக்கின்றன.

டிரெட்மில் திரையில் வரும் 'ஃபேட் பர்ன்' பகுதி பொய் இல்லை, ஆனால் விகிதத்தை அளவென்று நினைக்க வைக்கிறது. ஒருவர் நிமிடத்துக்கு 5 கலோரி செலவாகும் வேகத்தில் 30 நிமிடம் நடக்கிறார், அதில் 60 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம்: 90 கலோரி, அதாவது 10 கிராம். அவரே 10 கலோரி வேகத்தில் ஓடி, கொழுப்பின் பங்கு 40 சதவீதமாக இறங்கினாலும் 120 கலோரி, 13 கிராம். இரண்டுமே சின்னத் தொகைதான். ஜிம்மில் ஒரு மணிநேரம் இருந்தாலும், அதைவிட மீதி 23 மணிநேரத்துக் கணக்கு பெரியது. வெறும் வயிற்றில் கார்டியோ செய்தால் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிந்தாலும், நாள் முழுக்க உண்பது ஒரே அளவென்றால் வாரக்கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாததும் இதனால்தான்.

'முதல் வாரத்திலேயே 3 கிலோ' என்று விளம்பரப் பலகையில் எழுதுவதை நிறுத்துங்கள். தசையும் கல்லீரலும் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜன், ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். 400 கிராம் கிளைகோஜன் காலியானாலே எடைமெஷினில் ஒன்றரைக் கிலோ இறங்கிவிடும். 1 கிலோ கொழுப்புத்திசுவிலோ சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 500 கலோரி பற்றாக்குறை வைத்தால் அது தீர 15 நாள் ஆகும், உடல் இளைக்க இளைக்கச் செலவும் குறைவதால் பின்னர் அதற்கும் மேல். பிளாஸ்டிக் உடை போட்டு ஓடவிடுவது வெறும் தண்ணீர் இழப்பு. வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடல் சூடேறி ஆளே சாயக்கூடும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறோம். டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டிஎன்பி, எந்தப் பெயரில் வந்தாலும் உங்கள் கூடத்துக்குள் விடாதீர்கள். 1930களில் எடைக்குறைப்பு மருந்தாக விற்றுப் பலரின் உயிரைக் குடித்தது அது. உண்மையிலேயே கொழுப்பை எரிக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றலையெல்லாம் வெப்பமாக்கி ஆளையும் சேர்த்து எரிக்கும். மாற்று மருந்து கிடையாது.

இன்னொன்று, இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவரை வெறும் வயிற்றில் ஓடவிடாதீர்கள். அவருடைய கொழுப்புக் கிடங்கு பூட்டியிருக்கும், கல்லீரலும் சர்க்கரையை விடாது, தசையோ ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சுக் குழறினால் "நல்லா எரியுது" என்று உற்சாகப்படுத்தாமல் உடனே உட்கார வையுங்கள். 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடத்தில் ரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியலும் உயிர்வேதியியலும் கற்பிக்கும் சிலர்