பாப்பாவுக்கு, பிரிண்டர் விஷயமாக

சிங்கப்பூர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ‘அம்மா, ஆடு, இலை’ என்று வர வேண்டிய பயிற்சித்தாளில், பழைய தட்டச்சில் அடித்ததுபோல ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. இனாமாக வந்த பிரிண்டர்தானே, தூக்கிப் போட்டுவிடலாம் என்று உன் தமிழ்ப் பள்ளியில் பேசிக்கொள்கிறார்களாம். வேண்டாம் பாப்பா. முந்தின வாரம்வரை ஒழுங்காக வந்தது, மின்தடைக்குப் பிறகுதான் இப்படி ஆனது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, நோய் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அது போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது, பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்ல 1980களில் அடோபி நிறுவனம் உருவாக்கிய மொழி. அந்த மொழியில் கணினி அனுப்புவது படம் அல்ல, ஒரு நிரல். பிரிண்டர் அதை வரிவரியாகப் படித்துப் பக்கத்தைத் தானே வரைந்துகொள்கிறது. அப்படியென்றால் பக்கமே இல்லாத நிரலையும் அதற்கு அனுப்பலாம் அல்லவா? ‘இயக்கியதும் தொடக்கப் பக்கம் அடிக்காதே’, ‘வழக்கமான தாள் ஏ4’, ‘வண்ணத்தை இந்த முறையில் திருத்து’ என்று சொல்லிவிட்டு, ஒரு தாளைக்கூட வெளியே தள்ளாமல் முடிந்துபோகும் சின்னக் கோப்புகள். அவற்றைத்தான் யூட்டிலிட்டி கோப்புகள் என்போம். பென்கூலன் தெருப் பக்கம் அச்சுக்கடையில் நான் வேலை பார்த்த நாளில், பிரிண்டரோடு வரும் வட்டில் இவை ஒரு கொத்தாகக் கிடக்கும். உன்னிடம் இருக்கும் பேசர் பிரிண்டர், டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்தது. அந்த வண்ண பிரிண்டர் பிரிவு 2000இல் ஜெராக்ஸ் கைக்குப் போனது. பெயர் மாறியதே தவிர, இந்தக் கோப்புகளை அனுப்பும் விதம் மாறவில்லை.

இதில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது, சொன்ன சொல் பிரிண்டரிடம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத்தான். சாதாரணமாக ஒரு அச்சு வேலை முடிந்ததும், அந்த வேலைக்குள் மாற்றியதை எல்லாம் பிரிண்டர் பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிடும். கடவுச்சொல் கொடுத்து அந்த எல்லைக்கு வெளியே வந்து எதையாவது ஏற்றினால், மின்சாரம் இருக்கும்வரை அது நிற்கும். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் வேறு ஒன்று உண்டு. தொடக்கப் பக்கம் வேண்டுமா வேண்டாமா என்பது போன்ற சில அமைப்புகள் மட்டும்தான் அங்கே போகும்.

உங்கள் பள்ளியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். யாரோ விவரம் தெரிந்த ஆசிரியர் தமிழ் எழுத்துருவைப் பிரிண்டருக்குள் ஏற்றிவைத்து, ‘எழுத்துரு பிரிண்டரிலேயே இருக்கிறது, தனியாக அனுப்பாதே’ என்று கணினியில் குறித்துவிட்டார். உன்னுடையது மெழுகுக் கட்டியை உருக்கி மையாக அடிக்கும் பிரிண்டர். அதை யாரும் தினமும் அணைப்பதில்லை. அணைத்துப் போட்டால் அச்சு முனையைச் சுத்தம் செய்கிறேன் என்று நல்ல மெழுகை வீணாகக் கொட்டும். அதனால் அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருந்தது, ஏற்றிய எழுத்துருவும் நிரந்தரம்போலத் தெரிந்தது. மின்சாரம் போனதும் எழுத்துருவும் போயிற்று. கேட்ட எழுத்துரு இல்லையென்றால் பிரிண்டர் தன்னிடம் உள்ள கூரியர் என்ற தட்டச்சு பாணி ஆங்கில எழுத்துருவைப் போட்டு அடிக்கும். அந்தப் பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்தவை. தமிழ் உருவம் போனதும் அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிட்டது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்த காலம் அது. 1997இல் இங்கே தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு கூடியபோது இந்தத் தலைவலிதான் பெரிய பேச்சு. நம் ஊர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இதற்கு நிரந்தர வழி, கணினியில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வேலையோடும் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பச் சொல்வது. வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். பிரிண்டரின் தலையில் எழுத்துருவை ஏற்றிவைப்பதை நான் எப்போதுமே விரும்பியதில்லை. ஏற்றியவர் வேலையை விட்டுப் போனபின் அது யாருக்கும் தெரியாத ரகசியமாகிவிடுகிறது.

மற்றவற்றுக்கு யூட்டிலிட்டி கோப்பே போதும். தட்டில் ஏ4 நிறையக் கிடக்கும்போது லெட்டர் தாள் கேட்டு அடம்பிடிக்கிறது என்றாயே, அது அமெரிக்க அளவு: 216க்கு 279 மில்லிமீட்டர். ஏ4 210க்கு 297. வழக்கமான தாளை மாற்றும் கோப்பை அனுப்பு. அதன் பிறகும் கேட்டால், குற்றம் கணினியிலிருந்து பிரிண்டருக்கு வேலையை அனுப்பும் டிரைவர் மென்பொருளில். பிரிண்டரில் என்ன வைத்திருந்தாலும், வந்த வேலை வாய்திறந்து கேட்டதுதான் அந்த வேலைக்குச் செல்லும். வண்ணத் திருத்தத்துக்கும் இதே கதைதான்.

அனுப்பும் முறையில் கவனம் வேண்டும். கோப்பைச் சொற்செயலியில் திறந்து ‘அச்சிடு’ என்று அழுத்தாதே. நிரலின் வரிகளே தாளில் வந்து விழும். உன் லினக்ஸ் இயந்திரத்தில், கோப்பைப் பிரிண்டருக்கு அனுப்பும் எல்பிஆர் (lpr) கட்டளையில், எதையும் வடிகட்டாமல் அப்படியே அனுப்பச் சொல்லி அனுப்பு. கோப்பின் முதல் இரண்டு குறிகள் சதவீதமும் ஆச்சரியக்குறியும். அவற்றுக்கு முன்னால் ஒரு வெற்றிடம்கூட நுழையக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் வெற்று உரையாகவே சேமி. கடவுச்சொல்லைப் பல பிரிண்டர்களில் ஆலையிலேயே வெறும் பூஜ்யமாக வைத்துத்தான் அனுப்புவார்கள். யாராவது மாற்றியிருந்தால் உன் கோப்பு சத்தமில்லாமல் தோற்கும். பிழைச் செய்தி தாளுக்கு வராது, வந்த வழியே கணினிக்குத் திரும்பும், அங்கே அதைப் படிக்க ஆள் இருக்காது. அதற்காகவே அடோபி ஒரு பிழைகாட்டிக் கோப்பு தந்திருந்தது. அதை முதலில் அனுப்பிவிட்டால், அடுத்து வரும் பிழைகள் தாளிலேயே அச்சாகும். அதுவும் மின்சாரம் இருக்கும்வரைதான்.

இன்னொன்று: அழியாத நினைவகத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு உண்டு. தாள் அளவுக் கோப்பை எல்லா வேலைக்கும் முன்னால் ஒட்டிவிடலாம் என்று யாராவது கெட்டிக்காரத்தனமாக யோசனை சொன்னால் கேட்காதே.

பிரிண்டரைச் சன்னல் பக்கம் நகர்த்தப் போவதாகவும் எழுதியிருந்தாய். அணைத்து, முழுக்க ஆறிய பிறகே தூக்குங்கள். உள்ளே மெழுகு உருகிய நிலையில் இருக்கிறது. சாய்த்தால் கண்ட இடத்தில் வழிந்து உறைந்துவிடும், அப்புறம் நானே நேரில் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எதையும் தொடுவதற்கு முன், பிரிண்டரின் இப்போதைய அமைப்புகளைக் காட்டும் கட்டமைப்புப் பக்கத்தை ஒருமுறை அச்சிட்டுத் தேதி போட்டு வை, எனக்கும் படமெடுத்து அனுப்பு. ஒரு கோப்பு அனுப்பியதும் இன்னொரு முறை அச்சிட்டு ஒப்பிட்டுப் பார். அதன் பிறகு அடுத்த கோப்பு. ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே, பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கூப்பிடு. அம்மா பேச வேண்டுமாம், பேசி முடித்தபின் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா