மிதவை விமானம் நீரை விட்டு எழவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்து கிடக்கும் தை, மாசி மாதங்களில்தான் எங்கள் கடையில் ஆர்.சி. விமானங்களுக்கான (ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களுக்கான) மிதவைகள் அதிகம் விற்கின்றன. விற்றவற்றில் சில, இரண்டு வாரத்துக்குள் புகாராகத் திரும்பி வருவதும் இதே மாதங்களில்தான். புகார் பெரும்பாலும் ஒன்றே: "முழு த்ராட்டில் (மோட்டார் விசை) கொடுத்தாலும் தண்ணீரில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழும்ப மாட்டேன் என்கிறது. இதைவிடப் பெரிய மோட்டார் இருக்கிறதா?" பெரிய மோட்டார் இருக்கிறது, அதை விற்பதில் எங்களுக்கு வருமானமும் இருக்கிறது. ஆனால் இந்தப் புகாரோடு எங்கள் மேசைக்கு வந்த விமானங்களில் மோட்டார் உண்மையிலேயே போதாமல் இருந்தவை மிகச் சில. மற்றவற்றில் குறை, மிதவை பொருத்தப்பட்ட இடத்தில் இருந்தது. அதை விளக்கவே இம்மடல்.

சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர் 1,200 மில்லிமீட்டர் இறக்கை நீளம் கொண்ட ஃபோம் பயிற்சி விமானம் ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு மோட்டாரை ஏற்கெனவே மாற்றிவிட்டு, அடுத்ததை வாங்க வந்திருந்தார். பேட்டரியை அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்லி, இறக்கையின் அடியில் இருபுறமும் விரல் நுனியால் தாங்கிச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, நுனியில் ஒரு நட்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டோம். மிதவையின் அடியிலுள்ள மடிப்பு, அதாவது படி, அந்த நூலுக்கு 45 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. சக்கரத்துக்கான துளைகளிலேயே மிதவையின் முன் கம்பியைச் செருகி, பின் கம்பியை அது போய்ச் சேர்ந்த இடத்தில் திருகியிருந்தார். பெட்டியோடு வந்த படமும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டியது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. தாங்கு பலகையில் புதிய துளைகள் இட்டு மிதவைகளை முன்னுக்கு நகர்த்திக் கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதே மோட்டாரில் எழுந்து பறந்தார்.

படி என்று நாங்கள் சொல்வது, மிதவையின் அடிப்பகுதியில் நடுவுக்குச் சற்றுப் பின்னால், தளம் திடீரென்று மேல்நோக்கி வெட்டுப்பட்டாற்போல் இருக்கும் அந்தச் சிறிய மடிப்பை. அது அழகுக்காக வைத்ததன்று. ஒரு கரண்டியைக் காம்பு நுனியில் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகுப்புறத்தை ஓடும் குழாய் நீரில் மெல்லத் தொடச் செய்து பாருங்கள். நீர் அதைத் தள்ளிவிடாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் நீர் அப்பரப்பை விடாமல் பற்றுகிறது. படி இல்லாத மிதவையின் பின்பாதியிலும் இதே பிடிப்புத்தான் வேலை செய்கிறது. படியின் விளிம்பில் நீரோட்டம் அறுந்து, அந்த இடைவெளியில் காற்று புகுந்தால்தான் பிடிப்பு தளரும். முழு அளவு விமானங்களை உருவாக்கியவர்களும் இதை அனுபவத்தில்தான் கற்றார்கள். பிரான்சின் ஆன்றி ஃபாபர் 1910 மார்ச் 28 அன்று மார்த்திக் அருகிலுள்ள பெர் காயலில் உலகின் முதல் நீர்விமானத்தை எழுப்பினார். அமெரிக்காவில் க்ளென் கர்டிஸ் 1911 ஜனவரியில் சான் டியேகோவில் அதைச் சாதித்தார். அந்தக் கர்டிஸே அடுத்த ஆண்டு படகு வடிவ உடல் கொண்ட விமானத்தைச் செய்தபோது, அதன் அடியில் ஒரு படியை அமைத்த பிறகுதான் அது நீரின் பிடியிலிருந்து ஒழுங்காக விடுபட்டது.

படிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேகம் கூடியதும் மிதவையின் முன்பாதி மட்டும் நீரின் மேல் வழுக்கிச் செல்ல, விமானம் படியின் விளிம்பை அச்சாகக் கொண்டு மூக்கைத் தூக்குகிறது. அந்த அச்சு ஈர்ப்பு மையத்துக்கு (நூல் காட்டும் சமநிலைப் புள்ளிக்கு) நேர் கீழேயோ, சற்றே பின்னாலோ இருக்க வேண்டும். 1,200 மில்லிமீட்டர் அளவு விமானத்துக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் பின்னால் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. அதைவிட வெகுவாகப் பின்னுக்குப் போனால், எடை முழுவதும் அச்சுக்கு முன்னால் நின்று மூக்கை அழுத்தும். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) எவ்வளவு இழுத்தாலும் விமானம் படகு போல ஓடுமே தவிர எழாது. முன்னுக்கு வந்துவிட்டால், வால் பக்கம் அமிழ்ந்து, மிதவையின் குதிகால் (பின்முனை) நீரில் உராய்ந்து, ஓட்டத்தின்போது விமானம் தவளை போலத் தத்தத் தொடங்கும். பெரிய மோட்டார் போட்டால் முதல் குறை சில வேளைகளில் மறைந்துபோகும். ஆனால் நீரில் ஏறக்குறைய கவிழும் நிலையில் ஓடிவந்து திடீரென்று விடுபடும் விமானத்தை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு புறப்பாடும் ஒரு கண்டம்.

மற்ற அளவுகளையும் அதே நூலோடும் அளவுகோலோடும் பார்த்துவிடலாம். மிதவையின் நீளம், விமானத்தின் நீளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்க வேண்டும். அதன் முனை புரொப்பெல்லரைத் தாண்டி முன்னே நீண்டிருக்க வேண்டும். இரண்டு மிதவைகளும் இம்மி பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கையில் இணையாக இருப்பவை நீரின் அழுத்தத்தில் விரிந்துவிடுவதும் உண்டு என்பதால், குறுக்கே ஒரு கம்பி கட்டாமல் நாங்கள் எந்த விமானத்தையும் அனுப்புவதில்லை. மிதவையின் மேல்தளத்தோடு ஒப்பிட இறக்கை இரண்டு மூன்று பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. மிதவைகள் மூக்குப் பக்கம் கூட்டும் பக்கவாட்டுப் பரப்பால் விமானம் காற்றில் வாலை ஆட்டக்கூடும்; அதற்கு வாலின் அடியில் ஒரு சிறிய துடுப்பு ஒட்டினால் போதும். அதை ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம், எங்களிடம் வாங்க வேண்டியதில்லை.

மிதவையின் கொள்ளளவுக்கு முழு அளவு விமானங்களின் விதியே போதுமானது: நன்னீரில், விமானத்தின் எடையைவிட 80 விழுக்காடு கூடுதலாகத் தாங்க வேண்டும். மிதவை, பேட்டரி உட்பட உங்கள் விமானம் 1.5 கிலோ என்றால் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 2.7 லிட்டர், அதாவது ஒவ்வொன்றும் 1.35 லிட்டர் நீரை விலக்க வேண்டும். எடையை ஊகிக்க வேண்டாம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

இனி ஓட்டும் முறை. அளவெல்லாம் சரியாக இருந்தும் எழாத விமானங்களில் பாதி, கட்டைவிரல் செய்யும் தவற்றால் எழாதவை. புறப்படும்போது எலிவேட்டரை முழுவதும் இழுத்துப் பிடித்து, த்ராட்டிலை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் மோட்டாரின் முறுக்கம் இடது மிதவையை நீருக்குள் அமுக்கும், தெறிக்கும் நீர் புரொப்பெல்லரில் மோதி இழுவிசையைத் தின்றுவிடும். சில மீட்டர் தொலைவில் மூக்கு உயர்ந்து, விமானம் ஒரு மேட்டில் ஏறத் திணறுவது போலத் தோன்றும். நீரின் தடை உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான். அதைத் தாண்டி ஓசை மாறி, பின்னால் விழும் வெள்ளைக் கோடு மெலிந்ததும், எலிவேட்டரை நடுநிலைக்கு விட்டுவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எழவில்லையே என்ற பதற்றத்தில் இன்னும் இழுத்துப் பிடிக்கிறார்கள். மிதவையின் குதிகால் மறுபடி நீரில் இறங்கி, அடைந்த வேகமும் போய்விடுகிறது. விட்டுக் கொடுத்தால் விமானம் படியின் மேல் கிடையாக வழுக்கும். வேகம் சேர்ந்த பிறகு ஒரு சிறு இழுப்பே போதும்.

இறங்கும்போது த்ராட்டிலை முற்றாக மூடாமல், சிறிது விசையோடு, மூக்கு இம்மியளவு உயர்ந்த நிலையில் நீரைத் தொட வேண்டும். விடியற்காலை ஏரி கண்ணாடி போல் அசையாமல் இருக்கும். படம் எடுக்க அது அருமையான நேரம், பறக்க அன்று. அலையற்ற நீர் மிதவையை விடாமல் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போது உயரமும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கணக்கில், காலை எட்டு மணிக்கு மேல் நீரில் சிற்றலை ஓடத் தொடங்கியதும் தொடங்கி, பிற்பகல் கடற்காற்று வலுக்கும் முன் முடித்துக்கொள்வதே நல்லது. நீரில் திரும்பும்போது வேகம் வேண்டாம். காற்றின் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தை வேகத்தோடு காற்றுக்கு எதிரே திருப்பினால் வெளிப்பக்க மிதவை அமிழ்ந்து, அந்தப் பக்க இறக்கை நுனி நீரைத் தொடும். அதற்குப் பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால் கரையில் நிற்கும் இடத்தை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். காற்று உங்களை நோக்கி வீசும் கரையில் நில்லுங்கள். மோட்டார் நின்றுபோன மிதவை விமானம் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி மிதந்து வரும். கவிழ்ந்த விமானமும், மெதுவாகவேனும், அதே கரையைத்தான் வந்து சேரும். எதிர்க்கரையில் நின்றவர்கள் ஆகாயத்தாமரைக்கு நடுவிலும், நீரில் நிற்கும் சீமைக்கருவேலக் கிளைகளிலும் தேடிய கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. ஒரு முறை எங்கள் விமானத்தை மீட்டுத் தந்தவர், தெர்மாகோல் மிதவையில் அமர்ந்து வலை விரித்துக்கொண்டிருந்த மீனவர். அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "இதுல மீன் பிடிக்க முடியுமா?" என்று கேட்டார், எங்களிடம் தக்க பதில் இல்லை. தூண்டில் கழியும், அதன் நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்தும் எப்போதும் உடன் இருக்கட்டும். எந்த விலையுள்ள விமானத்துக்காகவும் நீந்திப் போக வேண்டாம். ஏரியின் அடியில் சேறும் கொடியும் எங்கே இருக்கின்றன என்பது கரையிலிருந்து தெரியாது.

மின்கருவிகளைப் பொறுத்தவரை, பிரஷ்லெஸ் மோட்டார் நனைவதால் உடனே கெடுவதில்லை. அதன் பேரிங்குகள்தான் துருப்பிடிக்கும். ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரிசீவர் (ரேடியோ அலையை வாங்கும் கருவி) இரண்டின் பலகைகளுக்கும் சிலிக்கோன் பூச்சு தேவை. பிளக் செருகும் ஊசிகளிலும் பொத்தான்களிலும் பூச்சு படியக் கூடாது. ரிசீவரைப் பலூனுக்குள் கட்டிப் போடும் பழைய வழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் வியர்த்து, வெளியிலிருந்து வரும் நீரைப் போலவே கெடுதல் செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நீருக்குள் வெகு தூரம் போகாது என்பதால், விமானம் கவிழ்ந்து ஆன்டெனா நனைந்ததும் தொடர்பு அறுந்துவிடும். தொடர்பு அறுந்தால் த்ராட்டில் பூஜ்ஜியத்துக்கு வரும்படி ஃபெயில்சேஃபை வீட்டிலேயே அமைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். கொடியில் சிக்கிய புரொப்பெல்லரைச் சுழற்ற மோட்டார் முயன்றுகொண்டே இருந்தால் முதலில் எரிவது ஈ.எஸ்.சி.தான். நனைந்த விமானத்தை எடுத்ததும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. உப்பங்கழியில் பறந்திருந்தால் அடுத்த வேலை நன்னீரில் அலசுவது. ஒரு நாள் முழுவதும் உலரும் வரை மின் இணைப்புக் கொடுக்காதீர்கள். அரிசிப் பானையில் போட்டு வைப்பதால் அரிசிதான் வீணாகும்.

கேடலினா பறக்கும் படகின் மாதிரி எப்போது வரும் என்று பலர் கேட்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நம் புழல் ஏரியிலிருந்தே கேடலினா பறக்கும் படகுகள் இயங்கின. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேடலினாதான், அத்தீவை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்தது. அந்தப் பெயர்மேல் இங்குள்ளவர்களுக்கு இருக்கும் ஈர்ப்பு எங்களுக்கும் உண்டு. அதன் படி உடலிலேயே அமைந்திருப்பதால் மேலே சொன்ன பொருத்தும் பிழைகளுக்கு இடமில்லை. மோட்டார்கள் இறக்கையின் மேல் இருப்பதால் தெறிக்கும் நீர் எளிதில் எட்டாது. ஆனாலும் அதை முதல் நீர்விமானமாக யாருக்கும் விற்க மாட்டோம். இரண்டு மோட்டார், இறக்கை நுனியில் நீரைத் தட்டக் காத்திருக்கும் சிறு மிதவைகள் என்று கவனிக்க வேண்டியவை அதில் அதிகம்.

புழலில் பறக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது குடிநீர் ஏரி; வேண்டாம். வேறு எந்த ஏரிக்குப் போனாலும், அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் அது பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதியில்) வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே 400 அடிக்குக் கீழ், விமானம் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே பறக்க வேண்டும். ஊராட்சியிலும், மீன் குத்தகை எடுத்தவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பறவைகள் கூடு கட்டும் ஏரிகளுக்கு மிதவைகளைக் கொண்டு போகாதீர்கள்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். மிதவை வாங்குபவர் விமானத்தையும் கொண்டு வந்தால், நூல் தொங்கவிட்டுப் படியின் இடத்தைக் குறித்து, துளையிட்டுப் பொருத்தித் தருவோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்பே எங்களிடம் மிதவை வாங்கி எழாமல் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எழவில்லை என்பதற்காகப் பெரிய மோட்டார் கேட்டு வருபவர்களிடம் முதலில் இந்தச் சோதனையைச் செய்வோம். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டுமே மோட்டாரைக் காட்டுவோம். சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை மேசை காலியாக இருக்கும். வரும்போது நீங்கள் வழக்கமாகப் பறக்கும் அதே பேட்டரியையும் எடுத்து வாருங்கள். அது இல்லாமல் சமநிலைப் புள்ளியைக் குறிக்க முடியாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்