விண்கலப் பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் விண்வெளித் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஆனால், ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் ஸ்டார்ஃப்ளீட் விண்படையின் கலங்களுக்குக் கம்பீரமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்றதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பெரும் போரின் நினைவு இருக்கிறது. அந்த நினைவு மெல்ல மெல்லப் பிறரையும் உள்ளே சேர்த்துக்கொண்ட வரலாறும் இருக்கிறது.

1964-ல் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி எழுதிய முதல் வரைவில் கதையின் முதன்மைக் கலத்துக்கு ‘யார்க்டவுன்’ என்றுதான் பெயர். பிறகே அது ‘எண்டர்பிரைஸ்’ ஆனது. இரண்டுமே இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட, ஒரே வகையைச் சேர்ந்த அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல்களின் பெயர்கள். யார்க்டவுன் 1942 ஜூனில் மிட்வே சண்டையில் மூழ்கியது. எண்டர்பிரைஸ் போர் முடியும்வரை தாக்குப்பிடித்தது. 1966-ல் தொடங்கிய முதல் தொடரில் வரும் பிற கலங்களின் பெயர்களும் இப்படித்தான். லெக்சிங்டன் 1942-ல் பவளக் கடலில் அமெரிக்கா இழந்த கப்பல். எக்ஸிடர் அதே ஆண்டு ஜாவாவுக்கு அருகே மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல். பிரிட்டனின் ஹூட் 1941 மே மாதம் ஜெர்மனியின் போர்க்கப்பலான பிஸ்மார்க்குடன் மோதி மூழ்கியபோது, அதிலிருந்த 1,400-க்கும் மேற்பட்டவர்களில் மூவர் மட்டுமே பிழைத்தனர். ராடன்பெரியே பசிபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அவருடைய தலைமுறைக்கு இவையெல்லாம் துக்கச் செய்தியாக வந்து சேர்ந்த பெயர்கள். அவற்றை அழியவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தேர்வில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இந்த நினைவு நேச நாடுகளோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்க விமானங்கள் 1945 ஏப்ரலில் மூழ்கடித்த ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பல் யமாட்டோ. 1987-ல் தொடங்கிய அடுத்த தொடரில், புதிய எண்டர்பிரைஸின் உடன்பிறப்பான கேலக்ஸி வகைக் கலம் ஒன்று அந்தப் பெயருடன் வருகிறது. எதிரியாக இருந்தவனின் இழப்பையும் தன் இழப்பாக எண்ணும் ஒரு படையைத்தான் இது காட்டுகிறது.

வகைப் பெயர்களில் தொடக்கத்தில் ஒழுங்கு இருக்கவில்லை. முதல் தொடரில் எண்டர்பிரைஸின் கட்டளை அறையில் பதித்திருந்த தகட்டில் ‘ஸ்டார்ஷிப் வகை’ என்று பொதுவாகவே பொறித்திருந்தார்கள். முதலில் கட்டப்படும் கப்பலின் பெயரே அந்த வகை முழுவதையும் குறிக்கும் என்ற கடற்படை வழக்கம் பிறகுதான் கதைக்குள் நிலைபெற்று, அந்தக் கலம் ‘கான்ஸ்டிடியூஷன் வகை’ ஆனது. (நாசா கான்ஸ்டிடியூஷன் என்று பெயரிட எண்ணியிருந்த முதல் விண்ணோடம், ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் 1976-ல் எண்டர்பிரைஸ் ஆனதை இங்கே நினைவுகூரலாம்.) அதன்பின் வந்த ஒழுங்கு அழகானது. டான்யூப் வகைச் சிறு கலங்களுக்கு கங்கை, ரியோ கிராண்டே, யாங்சி, மெக்காங் எனப் பூமியின் ஆறுகளின் பெயர்கள். ராக்கெட் அறிவியலின் முன்னோடி ஓபர்த்தின் பெயரைத் தாங்கிய ஆய்வுக்கல வகையில் மற்றொரு முன்னோடியான சியோல்கோவ்ஸ்கியின் பெயரில் ஒரு கலமும், 1967-ல் அப்போலோ 1 தீ விபத்தில் இறந்த விண்வெளி வீரர் கிரிஸமின் பெயரில் ஒரு கலமும் உண்டு. சேலஞ்சர் விண்ணோட விபத்தில் 1986-ல் உயிரிழந்த விண்வெளி வீரர் ஒனிசுகாவின் பெயரை எண்டர்பிரைஸின் சிறிய ஓடம் ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அழிந்த அல்லது ஓய்வுபெற்ற கலத்தின் பெயரைப் புதிய கலத்துக்கு இடும் வழக்கமும் உண்மையான கடற்படைகளிலிருந்து வந்ததே. 1997-ல் ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் விக்ராந்தின் பெயரை மட்டுமல்ல, அதன் ஆர்-11 என்ற அடையாள எண்ணையும் 2022-ல் படையில் சேர்ந்த புதிய விக்ராந்த் ஏற்றது. எண்டர்பிரைஸுக்கும் அவ்வாறே 1701 என்ற எண் தொடர்கிறது. பின்னால் ஓர் எழுத்து மட்டும் மாறுகிறது. ஆனால் 1999-ல், இதே வரிசையில் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் இறுதிக் கட்டத்தில், அழிந்துபோன டிஃபையண்டுக்கு மாற்றாக வரும் சாவோ பாவ்லோ என்ற கலத்துக்குச் சிறப்பு அனுமதி பெற்று டிஃபையண்ட் என்றே மறுபெயர் இடுகிறார்கள். பழைய கலத்தின் மீது அதன் மாலுமிகளுக்கு இருந்த பாசம் எனக்குப் புரிகிறது. ஆயினும், தென் அமெரிக்க நகரம் ஒன்றுக்குக் கிடைத்த இடத்தைப் பறித்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இங்கேதான் இந்த மரபின் பெரிய குறை தெரிகிறது. பல உலகங்கள் இணைந்த கூட்டமைப்பின் படை இது. 1968-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், வல்கன் என்ற வேற்றுலக இனத்தவர் மட்டுமே பணியாற்றிய கலம் ஒன்று அழிகிறது. நானூறு வல்கன்கள் ஒரே கணத்தில் இறந்ததை எண்டர்பிரைஸின் அதிகாரி ஸ்பாக் தொலைவிலிருந்தே உணர்ந்து அதிர்கிறார். அந்தக் கலத்தின் பெயர் ‘இன்ட்ரெபிட்’. மாண்டவர்கள் அனைவரும் வல்கன்கள். கலத்துக்கோ ஆங்கிலக் கடற்படை மரபில் ஒரு பெயர்! வல்கன்கள் மட்டுமே பணியாற்றும் ‘டிகும்ப்ரா’ என்ற கலம் வல்கன் பெயருடனேயே திரைக்கு வர 1998 ஆகிவிட்டது. பூமியின் பெயர்களிலும் ஆசியாவுக்குக் கிடைத்த இடம் சிறிதே. ‘காந்தி’ என்றொரு கலம் உண்டு. 1993-ல் வந்த அத்தியாயத்தில் அதிகாரி ஒருவர் அதில் பணிபுரிய அனுப்பப்படுகிறார் என்ற செய்தியோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. 2017-ன் ‘டிஸ்கவரி’ தொடரில் ‘ஷென்சோ’ என்ற சீனப் பெயருடைய கலம் கதையின் மையத்தில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரிய மாற்றம்.

கட்டுரையாளர் இத்தொடர்களைப் பற்றி மேலும் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது, கூட்டமைப்பை மனிதர்களோடு சேர்ந்து நிறுவிய வல்கன், ஆண்டோரியன், டெல்லரைட் மக்களின் பெயர்கள் இந்தக் கலங்களில் ஏன் இத்தனை அரிதாக இருக்கின்றன என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.