அரைக் கட்டை இறக்கினால் என்ன? பாட்டுப்போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். நான் வடபழனிக்காரன். முப்பது வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி, கம்பெனி ஆண்டு விழா என்று எதையும் விட்டதில்லை. பாடகருக்கு நாலடி பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில சங்கதிகள் தெரியும். என் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன். ஒரு தடவை அழுத்தினால் சுருதி அரைக் கட்டை இறங்கும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். பாட்டு ஆரம்பிக்கும் முன் பாடகர் லேசாகத் திரும்பி, மைக்குக்குப் பின்னால் ஒரு விரலைக் கீழே காட்டுவார். பேர் பெற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள். நான் அழுத்துவேன். பாட்டு நன்றாக வரும், ஜனம் கைதட்டும்.

உங்கள் மேடையில் மட்டும் அந்த விரலுக்குத் தடை. "ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடிட்டீங்க!" என்று எழுந்து நிற்கிறீர்கள். இறக்கிப் பாடியவருக்கு ஒரு மார்க் குறைகிறது. அந்தப் பாட்டு எந்தத் தொண்டைக்காகப் போடப்பட்டதோ, அந்தத் தொண்டைக்கு எது வசதியோ அதுதான் ஒரிஜினல் ஸ்கேல். கர்நாடகக் கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். அவரவர் தம்புராவை அவரவர் தொண்டைக்குச் சேர்த்துக்கொள்வதை மயிலாப்பூரில் எந்த ரசிகரும் குறையாகச் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு பெண் பாடினாள். பேர் வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் சொன்னது: "கூஸ்பம்ப்ஸ்", "தமிழ் உச்சரிப்பு கொஞ்சம் கவனம்மா", "உன் சிரிப்பு அழகு". அந்தச் சின்னப் பெண் இதை வைத்துக்கொண்டு வீட்டில் போய் என்ன சாதகம் செய்வாள்?

எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். அவளிடம் இருந்த பெரிய பலம், சுரத்தில் நேராக இறங்கினாள். இப்போது பலருக்கு ஒவ்வொரு சுரத்தையும் கீழேயிருந்து வழுக்கி வந்து பிடிக்கும் பழக்கம். ஒரு வரியில் ஒரு தடவை என்றால் அழகு, ஒவ்வொரு சொல்லிலும் என்றால் சுரம் தெரியாததை மூடும் வித்தை. அவளுக்கு அது தேவைப்படவில்லை. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் நின்று பாடினாள், அதுவும் தெரிந்தே. டிரம்ஸ் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். உங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

பலவீனம் மூச்சில். தோளைத் தூக்கி, நெஞ்சின் மேல்பாதியில் காற்றை நிரப்பினாள். அது இரண்டு வரிக்குத் தாங்காது. அதனால் சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினாள், சொல் இரண்டாக ஒடிந்தது. பல்லவியின் கீழ்ச் சுரங்களில் பாதி குரல், பாதி காற்று. சரணத்தில், பேசும்போது வரும் கனத்த நெஞ்சுக்குரலையே மேலே தள்ளிக்கொண்டு போய், இனி முடியாது என்ற இடத்தில் சட்டென்று மெல்லிய குரலுக்குத் தாவினாள். நடுவில் படிக்கட்டு இல்லை. ஒரு கட்டை இறக்கியிருந்தால் இந்தத் தாவல் பாதிக்கு மேல் போயிருக்கும். கீழே காற்று இன்னும் கூடியிருக்கும், அதையும் மறைக்கவில்லை.

உச்சரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவள் உச்சத்தில் 'இ'யை 'எ' மாதிரி பாடியது நிஜம்தான். ஆனால் குற்றம் அவளுடையது அல்ல. 'இ' சொல்லும்போது நம் வாயும் தொண்டையும் சேர்ந்த குழல் சுமார் 300 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 300 அதிர்வு, பக்கத்தில் ஒத்து அதிர்கிறது. அந்த அதிர்வை வைத்துத்தான் காது அதை 'இ' என்று அடையாளம் காண்கிறது. ஐந்தரைக் கட்டை சுருதியில் ஒரு பெண் மேல் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயி 'ப', பிடித்தால் அடிப்படை ஒலியே 622 ஹெர்ட்ஸ். 300-இல் ஒலி என்று ஒன்றே இல்லாதபோது, சுத்தமான 'இ' எங்கிருந்து வரும்? வாயைத் திறந்தால்தான் அங்கே குரல் கணீரென்று நிற்கும், திறந்தால் அது 'எ' பக்கம் சாயும். ஆப்பரா வாத்தியார்கள் இதைப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். ழகரத்தைக் கொன்றால் கண்டியுங்கள், நானும் கூடச் சேர்ந்து கண்டிக்கிறேன். (பாட்டெழுதுபவர்களும் உச்ச சுரத்தில் 'ஆ' போட்டால் புண்ணியமாகப் போகும்.)

"குரல் உடைஞ்சிடுச்சு" என்று ஒரு பையனைத் திருப்பி அனுப்பினீர்கள். நெஞ்சுக்குரலும், கள்ளக்குரல் என்கிற அந்த மெல்லிய மேல்குரலும் மாறும் அந்த முறிவை எடுத்து, அதையே வித்தையாக்கியவர் ஜே.பி. சந்திரபாபு. யோடலிங் என்பது அதுதான், முறிவை ஒளிக்காமல் குரலை அதன்மேல் துள்ளவிடுவது. பையன் செய்தது யோடலிங் என்று சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே உடைந்தது. ஆனால் எந்தச் சுரத்தில் உடைந்தது, ஏறும்போதா இறங்கும்போதா என்று சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

திருப்பி அனுப்பப்பட்ட குரல் என்றதும் எனக்குப் பாப் பாடகி உஷா உதுப் ஞாபகம் வரும். 1969-இல் நம் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பில்தான் அவர் பாட ஆரம்பித்தார். அதற்கு முன் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் அந்தக் கட்டைக் குரல் பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்டவர். என் காதுக்கு அவர் பலம் கீழ்ஸ்தாயி. மற்றப் பெண்குரல்கள் காற்றாகிவிடும் இடத்தில் அவருக்கு முழு எடை இருக்கும். சொல் ஒவ்வொன்றும் நறுக்குத் தெறித்தாற்போல் விழும். மெலிந்த மேல்குரல், பிருகா என்கிற நுணுக்கமான வேகச் சுரவரிசை இரண்டும் அவர் ஆட்டம் இல்லை. அவர் அவற்றைத் தேடிப் போகவும் இல்லை. தனக்கு வாய்த்த இடத்தில் கூடாரம் அடித்துக்கொண்டார். இருபது வயதில் அவர் உங்கள் தேர்வுக்கு வந்து, ஒரு மெலடியை ஒரிஜினல் ஸ்கேலில் பாடச் சொல்லியிருந்தால்? முதல் சுற்றிலேயே வீட்டுக்கு.

மேடையில் பாடியதும் டிவியில் வருவதும் ஒன்றல்ல என்பதை நானும் பேச வேண்டாம், நீங்களும் பேச வேண்டாம். 1997-இல் சுருதியைச் சரிசெய்யும் ஆட்டோட்யூன் மென்பொருள் வந்ததிலிருந்து சுருதி விலகல் என்பது மௌஸால் துடைக்கிற தூசி. அதனால்தான் சொல்கிறேன், மெஷினால் சரிசெய்ய முடியாததைப் பாருங்கள். மூச்சை எங்கே வாங்குகிறார்கள், சொல்லை எப்படிச் சேர்க்கிறார்கள், தாளத்தில் எங்கே நிற்கிறார்கள்.

கடைசியாக ஒரு சொந்தக் கதை. என்னிடம் கீபோர்டு கற்க வரும் பையன் நன்றாகப் பாடுவான். பதின்மூன்று வயதில் ஒரு போட்டிக்குப் போனான். எந்தப் போட்டி என்பது வேண்டாம். அந்த வயதில் பையன்களுக்குக் குரல்நாண் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். "பிராக்டிஸ் பத்தல, பழைய ஹை பிட்ச் எங்க போச்சு?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து தினமும் கத்தினான். கீபோர்டின் நடு 'சி'யிலிருந்து எண்ணினால் ஆறாவது வெள்ளைக் கட்டை 440 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை ஐந்து விநாடி பிடித்தால் குரல்நாண்கள் 2,200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அதையும் இறுக்கிப் பிடித்து மோதவிட்டால் என்ன ஆகும்? இ.என்.டி. டாக்டர் குரல்நாணில் முடிச்சு என்றார். பல வாரம் வாய் பேசாமல், நோட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சமையலறையில் நின்று அந்த நோட்டைப் படித்ததை நான் பார்த்தேன்.

இப்போது பதினாறு. குரல் ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அதே பாட்டைப் பாட வேண்டும் என்றான். பட்டனை நாலு தடவை கீழே அழுத்தினேன். சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடினான், தோள் அசையவில்லை.

அடுத்த சீசனுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவன் திரும்பி விரலைக் கீழே காட்டினால், பேண்டில் இருப்பவரை அழுத்த விடுங்கள்.

இப்படிக்கு,
வடபழனியிலிருந்து ஒரு கீபோர்டுக்காரன்